கடைசி பெஞ்சின் சுவரோரம்

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். வேலைக்கு வந்தது 2004 ஜூனில். முதல் ஏழு வருஷம், பிள்ளைகள் எங்கே உட்காருகிறார்கள் என்பது எனக்கு ஒழுங்கு சம்பந்தப்பட்ட விஷயமாகத்தான் இருந்தது. நன்றாகப் படிக்கிறவர்கள் முதல் பெஞ்ச், சேட்டை செய்கிறவர்கள் என் மேஜைக்கு நேர் எதிரே, மற்றவர்கள் கிடைத்த இடத்தில். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனால்தான் நான் இதை வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன்.

அது 2011 ஜூலை. எல்லாப் பள்ளிக்கும் ஒரே பாடத்திட்டம் என்ற சமச்சீர் கல்வி வழக்கு நடந்துகொண்டிருந்ததால் பள்ளி திறந்தும் புத்தகம் வரவில்லை. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகுதான் புத்தகம் கைக்குக் கிடைத்தது. அதுவரை கரும்பலகைதான் புத்தகம். பின்னால் இருப்பவர்கள் சரியாக எழுதிக்கொள்ளவில்லை என்ற கவலையில் சிலரை முன்னால் கொண்டுவந்தேன். இந்தப் பையன் கடைசி பெஞ்சில், சுவரோரம், முதுகைச் சுவரில் ஒட்டியபடியே உட்கார்ந்திருப்பான். பிள்ளைகள் அதை மாப்பிள்ளை பெஞ்ச் என்பார்கள். அவனோ யார் வம்புக்கும் போகாதவன். “நல்லா எழுதுற பையன், நீ ஏன் அங்க இருக்கே? முன்னால வா” என்று கூப்பிட்டு முதல் பெஞ்சில் உட்கார வைத்தேன். அன்று முழுக்கத் தலையைக் குனிந்தபடியே இருந்தான். மறுநாள் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். குறுவை நடவு நேரம். அம்மா அப்போதுதான் வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். “ஒடம்பு சரியில்லீங்க டீச்சர்” என்று ஆரம்பித்தவர், கொஞ்சம் தயங்கிவிட்டு, கொடியில் கிடந்த சட்டையை எடுத்துவந்து காட்டினார். தோளுக்குக் கீழே முதுகுப் பக்கம் நீளமாகக் கிழிந்து, வேறு நிற நூலால் தைத்து, தையல் ஓரமாக மறுபடியும் விட்டிருந்தது. “செவுத்துல சாஞ்சு உக்காந்துட்டா யாருக்கும் தெரியாதும்மான்னு சொல்லுவான். இப்ப முன்னால உக்கார வச்சுட்டீங்களாம், பின்னாடி அத்தன பேரும் பாக்குறாங்களாம். நடவு கூலி வந்ததும் ஒண்ணு தச்சுக் குடுத்து அனுப்புறேன்” என்றார்.

சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரைதான் அரசு சீருடை கிடைக்கும். ஒன்பதாம் வகுப்பில் சொந்தக் காசில் தைக்க வேண்டும். பள்ளி திறக்கிற மாதத்தில் கூலி வேலை பார்க்கிற வீட்டில் காசு இருக்காது. இதெல்லாம் எனக்குத் தெரிந்த விஷயம்தான். தெரிந்தும், அவன் உட்கார்ந்திருந்த இடத்தோடு அதை நான் சேர்த்துப் பார்க்கவில்லை. அவன் திரும்பி வந்தபோது பழைய இடத்திலேயே உட்காரச் சொல்லிவிட்டு, நான் பாதி நேரம் பின்னால் நின்று பாடம் நடத்தினேன். பின்னால் நின்று சத்தமாக வாசித்தாலே போதும், அவனால் எழுதிக்கொள்ள முடிந்தது.

அப்புறம்தான் மற்றவர்களுக்கும் காரணம் இருக்குமே என்று தோன்றியது. எல்லார் முன்னாலும் கேட்டால் சொல்ல மாட்டார்கள். அதனால் ஆளுக்கு ஒரு துண்டுத்தாள் கொடுத்து, “இந்த இடத்தில் ஏன் உட்காருகிறாய்? பேர் வேண்டாம், எத்தனையாவது பெஞ்ச் என்று மட்டும் எழுது” என்றேன். இன்றுவரை ஒவ்வொரு வருஷமும் பள்ளி திறந்த இரண்டாவது வாரத்தில் இதைச் செய்கிறேன். முதல் வாரத்தில் கேட்டால் பிரயோஜனம் இல்லை. புது வகுப்பில் இடம் பிடிக்கிற ஓட்டம் அடங்கி, யார் எங்கே என்று நிலைத்த பிறகுதான் உண்மையான பதில் வரும்.

வந்த பதில்களைப் படித்தபோது, அதே அறையில் இத்தனை வருஷம் நின்றும் நான் பார்க்காதவை எத்தனை என்று தெரிந்தது. ஃபேனுக்கு நேர் கீழே கடும் போட்டி. மூன்றாவது பெஞ்சில் ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறது, பாவாடையைக் கிழிக்கும், அதனால் அங்கே யாரும் ஓரத்தில் உட்காருவதில்லை. காலையில் நாலு மணிக்கு எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டி, பால் கறக்க உதவிவிட்டு வருகிறேன், சுவரில் சாய்ந்தால்தான் உட்கார முடியும் என்று ஒருவன். முதல் பெஞ்சில் உட்கார்ந்தால் எல்லாரும் என் நோட்டைக் கேட்பார்கள் என்று ஒருத்தி. ‘முதல் பெஞ்சில் அடிக்கடி கேள்வி கேப்பீங்க’ என்று இரண்டு பேர். ‘ஜன்னல்ல ஆத்துக்காத்து வருது’ என்று மூன்று பேர். ‘என் சேக்காளி இங்க இருக்கான்’ என்பதுதான் எல்லாவற்றையும்விட அதிகம்.

கதவோரம் உட்காருகிற பிள்ளைகளின் காரணம் தனி. நீடாமங்கலம் ரயில்வே கேட்டைத் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கூட்ஸ் வண்டியில் நெல் ஏற்றுகிற நாளில் கேட் மூடினால் சாலையில் இரண்டு பக்கமும் பஸ், லாரி வரிசை கட்டி நிற்கும். அந்தப் பக்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிற பிள்ளைகள் முதல் பீரியட் பாதியில்தான் உள்ளே நுழைவார்கள். கதவுக்குப் பக்கத்தில் பின் பெஞ்சில் இடம் இருந்தால் யாரையும் எழுப்பாமல் உட்கார்ந்துவிடலாம். நான் இவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று நினைத்திருந்தேன். வீட்டை விட்டுக் கிளம்பும் நேரத்தைக் கேட்டால், நம் ஊர்ப் பிள்ளைகளைவிட ஒரு மணி நேரம் முன்னால் கிளம்புகிறவர்கள். இப்போது கதவோர இரண்டாவது பெஞ்சை அவர்களுக்கென்றே விட்டு வைக்கிறேன். தாமதமாக வந்தாலும் முன்னால்தான் உட்காருவார்கள். முதல் பத்து நிமிஷம் நடத்தியதைப் பக்கத்தில் இருப்பவர் ஒரு ஓரத்தாளில் குறித்து வைத்துக் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு.

கதவு என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. நான் வேலைக்குச் சேர்ந்த அடுத்த மாதம், 2004 ஜூலை 16, கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக் கூரையில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். எங்கள் பள்ளியில் கீற்றுக் கொட்டகை கிடையாது. இருந்தும் அதற்கடுத்த வாரங்களில் எத்தனையோ அம்மாக்கள் வந்து, “எம்புள்ளய வாசப்படிக்குப் பக்கத்துல உக்கார வைங்க டீச்சர்” என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். எல்லாரையும் வாசற்படிக்குப் பக்கத்தில் வைக்க முடியாது. அதனால் எந்த இடத்திலிருந்தும் வாசலுக்கு வர வழி இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். நடைவழியில் பை கிடக்கக் கூடாது, இரண்டு கதவு இருக்கிற அறையில் இரண்டும் திறந்தே இருக்க வேண்டும். இன்றுவரை உள்ளே நுழைந்ததும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு இதற்கு நேர்மாறாக நடந்தது. ஜன்னலோரத்தை விரும்பிய பிள்ளைகளே காற்று கொஞ்சம் வேகமாக அடித்தாலும் நடுவில் வந்து நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். அந்த வருஷம் யாரையும் ஜன்னலோரம் போகச் சொல்லவில்லை.

கண் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நாம் ஏமாறுவது அதிகம். கரும்பலகை தெரியாத பிள்ளை முன்னால் வந்து உட்காரும் என்றுதான் நினைப்போம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. எழுத்து மங்கலாகத் தெரிவதுதான் எல்லாருக்கும் தெரிகிற விதம் என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கும். நன்றாக எழுதுகிற ஒரு தோழியைப் பிடித்துக்கொண்டு, அவள் எங்கே உட்காருகிறாளோ அங்கே போய்விடும். கொரோனாவுக்குப் பிறகு 2021 ஜனவரி 19 அன்று பத்தாம் வகுப்பைத் திறந்தபோது ஒரு அறைக்கு 25 பேர்தான். ஐந்து பேர் இடித்துக்கொண்டு உட்கார்ந்த பெஞ்சில் இரண்டு மூலையில் இரண்டு பேர். அதுவரை ஒழுங்காக நோட்டு எழுதி வந்த ஒரு பெண்ணின் நோட்டில் திடீரென்று தப்பும் தவறுமாக வந்தது. நான் 8 என்று எழுதினால் அவள் நோட்டில் 3. 6 இருந்த இடத்தில் 0. அத்தனை வருஷமும் அவள் கரும்பலகையைப் பார்த்து எழுதவே இல்லை, பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதியிருக்கிறாள். மன்னார்குடியில் கண்ணைச் சோதித்தபோது இரண்டு கண்ணிலும் கிட்டப்பார்வை. கண்ணாடி போட்டால் நாளைக்கு மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வார்களோ என்று அவள் பாட்டி தயங்கினார். அம்மாதான் உறுதியாக நின்று போட வைத்தார்.

பார்வைச் சோதனை அட்டையை 6 மீட்டர் தூரத்தில் வைத்துத்தான் படிக்கச் சொல்வார்கள். அது கிட்டத்தட்ட இருபது அடி. எங்கள் வகுப்பறையின் நீளமும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே கடைசி பெஞ்சுக்கும் கரும்பலகைக்கும் உள்ள தூரத்தையே வைத்து யாரும் சுலபமாக ஒரு முதல் கட்டச் சோதனை செய்யலாம். பத்து எழுத்துகளை வரிசை மாற்றி எழுதி, ஒவ்வொருவராகக் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு படிக்கச் சொல்லுங்கள். பிறகு மற்ற கண். கண்ணைச் சுருக்குகிறவர்கள், தலையைச் சாய்க்கிறவர்கள், மற்றவர்கள் படித்ததைக் கேட்டு மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் எல்லாரையும் குறித்துக்கொள்ளுங்கள். அரசின் கண்ணொளி காப்போம் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண்ணாடி இலவசமாகக் கிடைக்கிறது. நாம் பெயரைக் குறித்துக் கொடுப்பதுதான் பாக்கி.

காதும் அப்படித்தான். வாய்க்காலிலும் குளத்திலும் குளிக்கிற பிள்ளைகளில் காதில் சீழ் வடிகிறவர்களை இங்கே அடிக்கடி பார்க்கலாம். ஒரு பக்கக் காது மந்தமாக இருந்தால், நல்ல காது ஆசிரியர் நிற்கிற பக்கம் இருக்கிற மாதிரி இடம் கொடுக்க வேண்டும். கடகடவென்று சத்தம் போடுகிற ஃபேனுக்குக் கீழே அந்தப் பிள்ளை உட்காரக் கூடாது. இடது கைக்காரர்களுக்கு பெஞ்சின் இடது ஓரம், இல்லாவிட்டால் முழங்கை இடித்துப் பக்கத்தில் இருப்பவரோடு தினமும் சண்டை.

பெண் பிள்ளைகள் சிலர் மாதத்தில் மூன்று நாள் மட்டும் பின்னால் போய் ஓரமாக உட்காருவார்கள். துண்டுத்தாளில் ஒருத்தி ‘அந்த நாளில் எழுந்திரிச்சு நிக்க பயமா இருக்கும் டீச்சர்’ என்று எழுதியிருந்தாள். நானும் அந்த வயதில் அப்படிப் பயந்தவள்தான், ஆனாலும் அவள் எழுதித்தான் எனக்கு உறைத்தது. பெண்கள் பக்கத்துக் கடைசி ஓர இடம் எந்த நாளும் யாரிடமும் கேட்காமல் மாறிக்கொள்கிற இடம் என்று அன்றே சொல்லிவிட்டேன். அங்கே இருக்கிறவர் உட்கார்ந்தபடியே பதில் சொல்லலாம். ஆய்வக அலமாரியில் நாப்கின் எப்போதும் இருக்கும், சாவி வகுப்புத் தலைவியிடம். ஆண் ஆசிரியர்கள் காரணம் கேட்க வேண்டாம், இந்த அனுமதியை மட்டும் கொடுத்தால் போதும்.

இதுவரை சொன்னதெல்லாம் பிள்ளையின் காரணத்தை மதிக்க வேண்டிய இடங்கள். ஒரு காரணத்தை மட்டும் நான் மதிக்கவில்லை. ஒரு வருஷம் துண்டுத்தாளில் ‘எங்க தெரு புள்ளைங்க இங்கதான் உக்காருவோம்’ என்று நான்கைந்து பேர் எழுதியிருந்தார்கள். டைரியில் வகுப்பறையின் படம் போட்டு, ஒவ்வொரு இடத்திலும் பிள்ளையின் பெயருக்குக் கீழே தெருவையும் எழுதினேன். ஊரின் வரைபடம் அப்படியே வகுப்பறைக்குள் இருந்தது. இந்தத் தெரு இந்த வரிசை, காலனி அந்த வரிசை, நடுவில் நடைவழி. சேக்காளி என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி இதுதான். பிள்ளைகள் யாரையும் திட்டிக்கொள்ளவில்லை, சண்டை இல்லை. அதனால்தான் என் கண்ணில் படாமலே இருந்திருக்கிறது.

மறுவாரமே அகர வரிசைப்படி உட்கார வைத்தேன். ஒரு அப்பா வந்து, “எம்பொண்ண எடம் மாத்துங்க, காரணம் ஒங்களுக்கே தெரியும்” என்றார். “எல்லாருக்கும் ஒரே வரிசைங்க, பெயர் எழுத்துப்படி. நான் மாத்த முடியாது” என்று மட்டும் சொன்னேன். அகர வரிசையில் உள்ள வசதி அதுதான், யாரும் யாரையும் கை காட்ட முடியாது. 2023ல் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவனைச் சக மாணவர்களே சாதி வெறியில் வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்கப் பரிந்துரைத்ததைப் படித்தபோது மனதுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் அதோடு முடிந்துவிடாது. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தும் நடுவில் பையை வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. ஆய்வகத்தில் குலுக்கல் போட்டுக் குழு பிரித்து, ஒரே பீக்கரை நான்கு பேர் மாற்றி மாற்றிப் பிடிக்க வைத்த பிறகுதான் அந்தப் பைகள் கீழே இறங்கின. அதற்கு ஒரு பருவம் ஆனது.

அகர வரிசையில் ஒரு அநியாயமும் இருக்கிறது. ‘அ’வில் ஆரம்பிக்கிற பிள்ளை பத்து வருஷமும் முன்னால், ‘வ’ பத்து வருஷமும் பின்னால். அதனால் திங்கள்கிழமை தோறும் ஒவ்வொரு பெஞ்சும் ஒரு படி முன்னேற வேண்டும், முதல் பெஞ்ச் கடைசிக்குப் போக வேண்டும். கண், காது, கால் வலி, பஸ் பிள்ளைகள் மட்டும் இதில் சேர மாட்டார்கள். அவர்கள் ஏன் மாறவில்லை என்பதை வகுப்பில் நான் சொல்வதில்லை, டைரியில் மட்டும் இருக்கும். பரீட்சைக்கு முந்தின இரண்டு வாரம் மாற்றமே கிடையாது. பழகின இடத்தில் படித்தால் மனம் நிலைக்கிறது என்று பிள்ளைகளே கேட்டு வாங்கிய விதி அது.

இடத்தை மாற்றுவதோடு நானும் மாற வேண்டியிருந்தது. அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் கேத்தரின் பெர்கின்ஸும், 2001ல் இயற்பியல் நோபல் பெற்ற கார்ல் வீமனும் ஒரு பெரிய இயற்பியல் வகுப்பில் இடங்களைக் குலுக்கல் முறையில் கொடுத்துப் பார்த்தார்கள். பருவத்தின் முதல் பாதியில் பின்னால் உட்கார்ந்தவர்கள் தோல்வி அடையும் வாய்ப்பு, முன்னால் உட்கார்ந்தவர்களைவிடக் கிட்டத்தட்ட ஆறு மடங்காக இருந்தது. பாதியில் முன்னையும் பின்னையும் மாற்றிப் போட்டிருந்தும் அப்படி. 2005ல் வெளியான அந்த ஆய்வு பெரிய விரிவுரை அறையைப் பற்றியது, என் இருபதடி அறைக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் படிக்காத பிள்ளைதான் பின்னால் போகிறது என்று நான் நம்பியிருந்ததை அது அசைத்துவிட்டது. ஒரு நாள் ஒரு மாணவியிடம் வகுப்பறைப் படத்தைக் கொடுத்து, நான் யாரிடம் கேள்வி கேட்கிறேனோ அந்த இடத்தில் ஒரு கோடு போடச் சொன்னேன். பீரியட் முடிந்து பார்த்தால் கோடுகள் எல்லாம் முதல் இரண்டு பெஞ்சிலும் நடுப்பத்தியிலும். கடைசி வரிசையில் ஒன்றே ஒன்று, அதுவும் பேசாதே என்று அதட்டியது. நியாயமாக நடந்துகொள்கிறேன் என்று மனதார நம்பியிருந்தவள் நான். அந்தத் தாளைப் பார்த்து அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை. இப்போது முதல் கேள்வியைப் பின் பெஞ்சிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன். மாதம் ஒரு முறை யாராவது ஒரு பிள்ளை கோடு போட்டுக் கொடுக்கும்.

2025 ஜூலையில் பிள்ளைகளை ‘ப’ வடிவில் உட்கார வைக்கலாம் என்று பள்ளிக் கல்வித் துறையிலிருந்து அறிவுறுத்தல் வந்தபோது, கழுத்து வலிக்கும் என்று மருத்துவர்கள் சிலர் எச்சரித்தார்கள். நாங்களும் செய்து பார்த்தோம். 38 பேருக்கு எங்கள் அறை போதவில்லை. பக்கவாட்டில் இருந்தவர்களுக்குக் கரும்பலகையில் வெயில் பட்டுப் பளபளத்தது. ஆனால் கலந்துரையாடுகிற நாளில் அதைப்போல ஒன்று இல்லை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசினார்கள். எழுதுகிற பாடத்துக்கு வரிசை, பேசுகிற பாடத்துக்கு ‘ப’ என்று வெள்ளிக்கிழமை கடைசி பீரியடை மட்டும் அதற்கு ஒதுக்கியிருக்கிறேன்.

பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் நான் தனியாகப் போய் ஒவ்வொரு பெஞ்சிலும் இரண்டு நிமிஷம் உட்கார்ந்து பார்ப்பது வழக்கம். எந்த ஆணி நீட்டுகிறது, எந்தக் கால் ஆடுகிறது, எங்கே மழை ஒழுகின கறை இருக்கிறது என்பதெல்லாம் அப்போது தெரியும். இந்த வருஷம் கடைசி பெஞ்சின் சுவரோரம் உட்கார்ந்து, முன்னால் பிள்ளைகளின் தலைகள் இருக்கிற உயரத்தை மனதில் வைத்துக் கரும்பலகையைப் பார்த்தேன். கீழ்ப்பகுதி ஒரு முழம் அங்கிருந்து தெரியாது. எழுந்து போய், அந்த உயரத்தில் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். அதற்குக் கீழே இப்போது எதையும் எழுதுவதில்லை.